மூஸாவின் தாயாருக்கு வந்தது வஹீயா, உள்ளுதிப்பா?

குர்ஆன் 28:7 இப்படித் தொடங்குகிறது: 'வஅவ்ஹைனா இலா உம்மி மூஸா'. மூஸாவின் தாயாருக்கு நாம் வஹீ அறிவித்தோம். வஹீ என்றால் பொதுவாக நாம் நினைப்பது, இறைவன் நபிமார்களுக்கு அறிவிக்கும் செய்தியை. அவர் ஒரு பெண். பெரும்பான்மை அறிஞர்கள் அவரை நபி என்று ஏற்பதில்லை. அவர் பெயர்கூடக் குர்ஆனில் இல்லை. ஆனால் அவருக்குப் பயன்படுத்திய சொல் 'அவ்ஹைனா'. நூஹுக்கும் இப்ராஹீமுக்கும் அறிவித்ததைச் சொல்லும் 4:163-இல் வருவதும் அதே சொல்தான், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

தமிழில் மொழிபெயர்ப்பவருக்கு இங்கே கை நின்றுவிடும். 'வஹீ அறிவித்தோம்' என்று போட்டால், இவரும் நபியா என்று வாசகர் கேட்பார். 'உள்ளத்தில் உதிக்கச் செய்தோம்' என்று போட்டால் சிக்கல் தீர்ந்ததுபோல் தெரியும். உண்மையில் அங்கே ஒரு தஃப்சீர் (விரிவுரை) நுழைந்துவிட்டது, அதுவும் அடிக்குறிப்பு இல்லாமல். 'அறிவித்தோம்' என்று மட்டும் எழுதினால், மூலத்தில் இருக்கும் அந்தச் சொல்லே வாசகர் கண்ணில் படாமல் போகும். மூன்று வழியிலும் ஏதோ ஒன்று கைநழுவுகிறது.

வஹீ என்றதும் நம் மனம் ஜிப்ரீல், ஹிரா குகை, வேதம் என்று ஓடும். அரபியில் அந்தச் சொல் அதைவிட வயதானது. இஸ்லாத்துக்கு முந்தைய கவிஞர் அல்கமா ஓர் ஆண் தீக்கோழியைப் பாடுகிறார். கூடு திரும்பிய அது, தன் பேட்டிடம் கடகடவென்றும் கொக்கரித்தும் 'யூஹீ' (வஹீயின் வினைவடிவம்) சொல்கிறதாம், ரோமர்கள் தங்கள் மாளிகைக்குள் வேற்று மொழியில் பேசிக்கொள்வதுபோல. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் விளங்கும், பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காது. வேர்ப்பொருள் இவ்வளவுதான். குர்ஆன் சொல்லகராதி எழுதிய ராகிப் அல்-இஸ்ஃபஹானீ 'விரைவான சைகை' என்று ஒரே வரியில் முடிக்கிறார்.

குர்ஆனில் இந்த வேர் 78 இடங்களில் வருகிறது. 72 வினை, 6 பெயர். பெரும்பாலானவை நபிமார்களைப் பற்றியவை. மீதியைப் பாருங்கள். தேனீக்கு (16:68). வானங்கள் ஒவ்வொன்றிலும் (41:12). இறுதி நாளில் பூமிக்கு (99:5). பத்ர் போரில் மலக்குகளுக்கு, அதாவது வானவர்களுக்கு (8:12). ஈஸாவின் சீடர்களான ஹவாரிய்யூனுக்கு (5:111). மூஸாவின் தாயாருக்கு (20:38, 28:7). மூன்று இரவுகள் பேச இயலாமல் இருந்த ஸகரிய்யா, மிஹ்ராபிலிருந்து (தொழுமிடம்) வெளியே வந்து 'காலையும் மாலையும் தஸ்பீஹ் (இறைத்துதி) செய்யுங்கள்' என்று மக்களுக்குக் காட்டிய சைகையும் 'அவ்ஹா'தான் (19:11). ஷைத்தான்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் பகட்டுப் பேச்சுக்கும் இதே வேர்தான் (6:112). ஆகவே 'வஹீ வந்தது, எனவே நபி' என்ற சூத்திரம் தேனீயிடமே உடைந்துவிடுகிறது. இது பழைய அறிஞர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

இந்த இடங்களில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: அனுப்பியவர் யார், பெற்றவர் யார், உள்ளே இருந்த செய்தி என்ன. முதல் இரண்டையும் எல்லாரும் கேட்கிறார்கள். சறுக்கல் மூன்றாவதில்தான். 'தேனீக்கு வந்ததும் வஹீ, மூஸாவின் தாயாருக்கு வந்ததும் வஹீ. எனவே இரண்டும் இயல்புணர்வு' என்று ஒரே மூட்டையில் கட்டுவது இன்று ரொம்பச் சாதாரணம். இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்தாலே அந்த மூட்டை அவிழ்ந்துவிடும்.

இலக்கணம் என்னவோ ஒன்றுதான். 'அவ்ஹா' வினைக்குப் பின் 'அன்' என்ற இடைச்சொல், அதன்பின் பெண்பால் ஒருமையில் ஏவல். தேனீக்கு 'இத்தகிதீ' (வீடு அமைத்துக்கொள்), தாயாருக்கு 'அர்ளிஈஹி' (அவருக்குப் பாலூட்டு). தேனீக்கு அடுத்து 'உண்', 'பாதைகளில் செல்' என்று ஏவல்கள் தொடர்ந்து, அத்தோடு முடிகிறது. இன்று ஒரு தேன்கூட்டைப் பார்த்தால் நடப்பது அதுவேதான். தாயாருக்கு வந்ததைப் பிரித்துப் பாருங்கள். பாலூட்டு. அவர்மீது அஞ்சினால் ஆற்றில் போடு. அஞ்சாதே. கவலைப்படாதே. அவரை உன்னிடமே திருப்பித் தருவோம். அவரைத் தூதர்களில் ஒருவராக ஆக்குவோம். இரண்டு ஏவல், இரண்டு விலக்கல், இரண்டு வாக்குறுதி. தன் பேச்சின் அழகைப் பாராட்டிய மொழியறிஞர் அஸ்மயீயிடம் ஒரு பாலைவன அரபுப் பெண், 'இந்த வசனம் இருக்கும்போது என் பேச்சை அழகு என்கிறீரா?' என்று கேட்டு, இதே போன்ற கணக்கைக் காட்டினாள் என்று குர்துபீ தம் தஃப்சீரில் எழுதுகிறார்.

பாலூட்டச் சொல்ல எந்த வஹீயும் தேவையில்லை, தாய்மை போதும். ஆற்றில் போடத் தாய்மை சொல்லாது. கைக்குழந்தை வளர்ந்து தூதராவார் என்பதை எந்த உள்ளுணர்வும் சொல்லாது. 20:39 இன்னும் கூர்மையானது: பெட்டிக்குள் வை, ஆற்றில் போடு, ஆறு அதைக் கரையில் சேர்க்கும், எனக்கும் அவருக்கும் எதிரியானவன் (எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன்) எடுத்துக்கொள்வான். கரை, எதிரி, எடுத்துக்கொள்ளல் என்று நடக்கப்போவது வரிசையாகச் சொல்லப்படுகிறது. இதைத் 'தாயின் உள்ளுணர்வு' என்று மொழிபெயர்ப்பது, மூலத்தில் உள்ள பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் பரிமாறுவதுதான்.

பழைய தஃப்சீர்கள் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிடத் தயங்கி நடந்திருக்கின்றன. விரிவுரையாளர் தபரீ பதிவு செய்யும், அவருக்கு முந்தைய அறிஞர் கதாதாவின் கூற்று இது: அல்லாஹ்விடமிருந்து வந்த வஹீ, அவர் உள்ளத்தில் போடப்பட்டது, ஆனால் நுபுவ்வத்தின் (நபித்துவத்தின்) வஹீ அல்ல. ஃபக்ருத்தீன் ராஸீ (இறப்பு 1210) 20:38-க்கு ஆறு சாத்தியங்களை வரிசைப்படுத்துகிறார். கனவு, உள்ளத்தில் திடீரென உருவான உறுதியான தீர்மானம், இல்ஹாம் (உள்ளுதிப்பு), அந்தக் காலத்து நபி ஒருவர் வழியாக வந்த செய்தி, முந்திய நபிமார்கள் சொல்லிவைத்தது அவர் காதுக்கு எட்டியது, ஈஸாவின் தாய் மர்யமுக்கு வந்ததுபோல் ஒரு மலக்கு. ஆறு வழிகளைத் தேட வேண்டிய அவசியம் என்ன? 'இல்ஹாம்' என்று ஒரு சொல்லில் முடித்தால் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது என்பதால்தான்.

அந்தக் கேள்வியை மறைக்காமல் கேட்டவர் ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064). மனதில் பட்டது, கனவில் கண்டேன் என்று பெற்ற குழந்தையை ஒருத்தி ஆற்றில் போட்டால் நாம் என்ன சொல்வோம்? புத்தி பேதலித்தவள் என்போம், அல்லது குற்றவாளி என்போம். கனவை நம்பி மகனை அறுக்கத் துணிந்த இப்ராஹீமைப் பாராட்டுகிறோமே, ஏன்? அவர் நபி, அவருக்கு வந்தது உறுதியான வஹீ. அதே உறுதி இந்தத் தாயாருக்கும் இருந்தது, எனவே இவரும் நபி என்பது அவர் முடிவு. மர்யமையும் அப்படியே சேர்க்கிறார். 'ஆண்களையே அனுப்பினோம்' என்ற 12:109-ஐ எதிர்த்தரப்பு நீட்டினால், அது ரிஸாலத்தை, தூதராக அனுப்புவதைப் பேசுகிறது, நுபுவ்வத்தை அல்ல என்பார். 5:75-இல் மர்யமுக்கு ஸித்தீக்கா (மிக உண்மையானவர்) என்ற பட்டம்தானே என்றால், 12:46-இல் யூஸுஃபுக்கும் அதே பட்டம் இருக்கிறதே என்பார். இரண்டு நூற்றாண்டு கழித்துக் குர்துபீயும் மர்யமை நபி என்பதே சரி என்று எழுதினார். பெரும்பான்மை இதை ஏற்கவில்லை. இன்றைய விரிவுரையாளர்களும் பெரும்பாலும் ஏற்பதில்லை. இருந்தாலும், ஆற்றில் போட்ட விவகாரத்தில் இப்னு ஹஸ்ம் கேட்ட கேள்வி, அவருக்குக் கிடைத்த பதில்களைவிடக் கனமானது என்றே நான் நினைக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பேச்சின் முகம் மாறுகிறது. நெருக்கடி இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஐரோப்பிய கீழைத்தேய ஆய்வாளர் சிலர், நபியவர்கள் (ஸல்) பெற்றது வெளியிலிருந்து வந்ததல்ல, அவருடைய ஆழ்மனத்தின் குரல் என்றார்கள். மறுபக்கம், இந்தியாவில் மிர்ஸா குலாம் அஹ்மத் (1835–1908) தமக்கு இறைவன் செய்தி அறிவிக்கிறான் என்றார். தொடக்கத்தில் 'முஹத்தஸ்' (இறைப்புறத்திலிருந்து பேசப்படுபவர்) என்ற சொல், பின்னர் 'நபி' என்ற சொல். 1914-இல் அவரைப் பின்பற்றியவர்கள் இரண்டாகப் பிரிந்ததற்கும் இந்தச் சொற்கள் ஒரு காரணம். நபியல்லாதவருக்கு வரும் வஹீயைப் பற்றி அதற்குப்பின் யார் எழுதினாலும், இந்த இரண்டு பக்கத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் எழுதினார்கள்.

எகிப்தின் முஹம்மத் அப்துஹு (1849–1905) தந்த வரையறைதான் நவீனப் பேச்சுக்கு அச்சாணி. அல்லாஹ்விடமிருந்துதான் வந்தது என்ற உறுதியோடு, இடையாள் வழியாகவோ இல்லாமலோ, ஒருவர் தம்முள் காணும் அறிவு வஹீ. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல், உள்ளம் உறுதியாக நம்பி, அது இழுக்கும் பக்கம் போகிற உணர்வு இல்ஹாம். பசி, தாகம், துக்கம், மகிழ்ச்சி போன்றது. நேர்த்தியான கோடு. 'ஆழ்மனக் குரல்' வாதத்தை எதிர்த்துப் பின்னாளில் தனி நூலே எழுதிய அவர் மாணவர் ரஷீத் ரிழாவுக்கு இந்தப் பிரிவு கைகொடுத்தது.

ஆனால் இந்தக் கோட்டை 28:7-க்கு அருகே கொண்டுபோனால் அது அந்தத் தாயாரை எந்தப் பக்கம் நிறுத்துகிறது? 'நாம் திருப்பித் தருவோம்' என்று செய்திக்குள்ளேயே பேசுகிறவர் இருக்கிறார். 28:13 'அல்லாஹ்வின் வாக்குறுதி உண்மை என்று அவர் அறிந்துகொள்வதற்காக' என்கிறது. யாருடைய வாக்குறுதி என்பது அவருக்கு முன்பே தெரியும். பசி, தாகம் போன்ற ஊர் பேர் தெரியாத உணர்வு இதுவல்ல. அப்துஹுவின் வரையறைப்படியே பார்த்தால் தாயார் வஹீயின் பக்கம்தான் நிற்கிறார்.

இதற்கு எதிராக 28:10-ஐக் காட்டுவார்கள். குழந்தையை விட்ட பின் அவர் உள்ளம் வெறுமையானது, நாம் அந்த உள்ளத்தை உறுதிப்படுத்தாவிட்டால் ரகசியத்தை வெளியிட்டிருப்பார் என்கிறது வசனம். நபிக்கு வரும் உறுதி இவருக்கு இல்லை, பாருங்கள் என்பார்கள். இந்த வாதத்தை ரொம்ப இழுக்க முடியாது. கயிறுகளும் தடிகளும் நெளிந்தபோது மூஸாவே தமக்குள் அச்சம் உணர்ந்தார் (20:67). 'என் உள்ளம் அமைதி பெற' என்று இப்ராஹீம் கேட்டார் (2:260).

குர்ஆன் விரிவுரையாளர் மௌதூதி (1903–1979) வேறு வழி பிடித்தார். 16:68-க்கு எழுதிய விளக்கத்தில் வஹீயை அகலமாகவே திறந்து விடுகிறார். வானம், பூமி, தேனீ, மீனுக்கு நீந்தத் தெரிவது, பிறந்த குழந்தை பால் குடிக்கத் தெரிந்துகொள்வது, யோசிக்காமலே ஒருவருக்குச் சரியான வழி தோன்றுவது எல்லாமே அதற்குள் அடக்கம். பிறகு நபிமார்களின் வஹீயை அதன் தனித்தன்மைகளால் பிரிக்கிறார்: பெறுபவருக்கு அது இறைவனிடமிருந்து என்ற முழு உணர்வும் உறுதியும் இருக்கும், கொள்கையும் சட்டமும் வழிகாட்டலும் அதில் இருக்கும். படிக்க எளிதாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு குறை படுகிறது. தாயாரைத் 'திடீரெனத் தோன்றும் யோசனை' வரிசையில் உட்கார வைத்ததும், 20:39-இன் கரையும் எதிரியும் அந்த வரிசைக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

கவிஞரும் சிந்தனையாளருமான முஹம்மத் இக்பால் (1877–1938) தம் ஏழு உரைகளில் ஐந்தாவதில், வஹீ என்பது உயிரின் பொதுப்பண்பு என்றே குர்ஆன் காட்டுகிறது என்றார். செடி வெளியில் தாராளமாக வளர்வதும், உயிரினம் புதுச்சூழலுக்கேற்பப் புதிய உறுப்பு பெறுவதும், மனிதர் தம் ஆழத்திலிருந்து ஒளி பெறுவதும் ஒரே பண்பின் படிகள். அப்படியானால் நபித்துவம் முடிந்ததன் (33:40) பொருள் என்ன? உள்ளனுபவம் நின்றுவிட்டது என்பதல்ல. இனி எவரும் அந்த அனுபவத்தைக் காட்டி, 'கேள்வி கேட்காமல் கீழ்ப்படி' என்று சொல்ல முடியாது. மற்ற அனுபவங்களைப்போல் அதுவும் சோதனைக்கு உட்பட்டது. செடியும் உறுப்பும் எனக்கு அதிகம் ஒட்டவில்லை. ஆனால் இந்தக் கடைசி வாதம் விஷயத்தின் நரம்பைத் தொடுகிறது.

ஷீஆ உலகில் தபாதபாயீ (இறப்பு 1981) தம் விரிவுரையான அல்-மீஸானில், சொல் அகலமானது, ஆனாலும் நபிமார்கள் அல்லாதோருக்கு அதைப் பயன்படுத்தாமல் இருப்பது இஸ்லாமிய மரபு வகுத்த ஒழுங்கு என்கிறார். இமாம்களை முஹத்தஸ் என்று நம்பும் மரபிலிருந்து இந்தக் கட்டுப்பாடு வருவது கவனிக்க வேண்டியது. ரசூல், நபி, முஹத்தஸ் மூவருக்கும் வேறுபாடு சொல்ல ஷீஆக்களின் ஹதீஸ் நூலான அல்-காஃபீ தொகுப்பில் தனிப் பாடமே உண்டு.

நவீன விரிவுரையாளர்கள் பெரும்பாலும் 'எப்படி வந்தது' என்பதில் கோடு போடப் பார்க்கிறார்கள். மலக்கைக் கண்டாரா, குரல் கேட்டாரா, உள்ளத்தில் பட்டதா? மர்யம் அங்கே கோட்டை உடைத்துவிடுகிறார்: மலக்கு மனித உருவில் நேரில் நின்று பேசுகிறார் (19:17–21), ஆனால் அவர் நபி அல்ல என்கிறது பெரும்பான்மை. உறுதியில் கோடு போட்டால் மூஸாவின் தாயார் உடைக்கிறார். நிற்கிற கோடு ஒன்றுதான்: வந்த செய்தி யாரைக் கட்டுப்படுத்துகிறது? தாயாருக்கு வந்தது அவர் குழந்தையைப் பற்றியது. மர்யமுக்கு வந்தது அவர் மகனையும் அவருடைய வணக்கத்தையும் பற்றியது. ஹவாரிய்யூனுக்கு வந்ததோ 'என்னையும் என் தூதரையும் நம்புங்கள்' என்பது, அதாவது ஏற்கனவே வந்த ஒரு தூதரிடம் போய்ச் சேரும்படி. யாரும் ஊருக்கு நடுவே நின்று, 'எனக்கு வந்தது, எனவே உங்களுக்குக் கடமை' என்று சொல்லவில்லை. நபியின் வஹீ அப்படிச் சொல்லும்.

இதற்கு நல்ல உரைகல் உமர் (ரலி). முந்தைய சமுதாயங்களில் முஹத்தஸ்கள் இருந்தார்கள், என் உம்மத்தில் (சமுதாயத்தில்) ஒருவர் உண்டென்றால் அது உமர்தான் என்ற நபிமொழி, ஹதீஸ் தொகுப்புகளான புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கஅபாவுக்கு அருகிலுள்ள மகாமு இப்ராஹீமைத் தொழுமிடமாக்கலாமே என்றார், வசனம் இறங்கியது. ஹிஜாப் விஷயத்திலும் அப்படியே. ஆனால் வசனம் இறங்கும்வரை அவருடைய கருத்து கருத்தாகவே இருந்தது, யாருக்கும் கடமையாகவில்லை. அதே உமர் ஹிஜ்ரி 6-இல் மக்காவினருடன் நபியவர்கள் செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை எதிர்த்து வாதாடினார். அவருக்கு அன்று சரியான பதில் சொன்னவர், 'முஹத்தஸ்' என்ற பட்டம் இல்லாத அபூபக்ர் (ரலி). 12-ஆம் நூற்றாண்டின் நஸஃபீ தம் சுருக்கமான அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு) நூலில் இதை ஒரு வரியாக்கிவிட்டார்: ஒரு விஷயம் சரி என்று அறிவதற்கு இல்ஹாம் ஒரு வழியல்ல.

மூஸா சந்தித்த அறிவாளரான கிள்ரைக் காட்டி வாசல் திறக்கப் பார்ப்பவர்களும் உண்டு. 'நம்மிடமிருந்து அவருக்கு அறிவு கற்பித்தோம்' (18:65), அவர் சிறுவனைக் கொன்றார், எனவே ஞானிகளுக்கு ஷரீஅத்துக்கு அப்பால் ஓர் இடம் உண்டு என்பார்கள். 'இதை என் விருப்பப்படி நான் செய்யவில்லை' என்று 18:82 சொல்வதால் கிள்ரையே நபி என்றவர்கள் பலர். அந்த விவாதம் இருக்கட்டும். போரில் சிறுவர்களைக் கொல்வது பற்றி நஜ்தா என்பவர் எழுதிக் கேட்டபோது இப்னு அப்பாஸ் (ரலி) தந்த பதில் முஸ்லிமில் இருக்கிறது: நபியவர்கள் சிறுவர்களைக் கொன்றதில்லை, நீயும் கொல்லாதே, கிள்ரு அந்தச் சிறுவனைப் பற்றி அறிந்ததை நீ அறிந்திருந்தாலே தவிர. கதவு பூட்டப்பட்டது, சாவி கேட்பவர் கையிலேயே கொடுக்கப்பட்டது, அவரால் திறக்க முடியாது என்று தெரிந்தே. இன்னும் துணிபவருக்கு 6:93 இருக்கிறது. எதுவும் வஹீ அறிவிக்கப்படாமலே 'எனக்கு வஹீ வந்தது' என்பவனைவிட அநியாயக்காரன் யார் என்கிறது அது.

இன்னொரு வழக்கமான தவறு 91:8. 'ஃபஅல்ஹமஹா ஃபுஜூரஹா வதக்வாஹா'. இல்ஹாமின் வேர் குர்ஆனிலேயே இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. அது தனி ஒருவருக்குக் கிடைத்த அருட்செய்தி அல்ல. தீமை எது, இறையச்சம் எது என்று ஒவ்வோர் ஆன்மாவுக்கும் உணர்த்தப்பட்டது. வலிமார்களின் (இறைநேசர்களின்) இல்ஹாமுக்கு இந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டுபவர், கலைச்சொல் பின்னால் பெற்ற பொருளை வசனத்துக்குள் திருப்பி ஏற்றுகிறார்.

மொழிபெயர்ப்புக்கே திரும்பினால், 19:11-க்குச் 'சைகை காட்டினார்', தேனீக்கு 'உணர்த்தினான்' போதும். 28:7-இலும் 20:38-இலும் 'வஹீ அறிவித்தோம்' என்றே விட்டுவிட்டு, நபித்துவத்தின் வஹீ அல்ல என்பது பெரும்பான்மையின் விளக்கம் என்று அடியில் ஒரு வரி போடலாம். தீர்ப்பைச் சொல்லுக்குள் புதைப்பதைவிட அது நேர்மையானது.

28:7-இல் உள்ள இரண்டு விலக்கல்களுக்காக இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். 'லா தகாஃபீ வலா தஹ்ஸனீ' என்று அந்தத் தாயிடம் சொல்லப்பட்டது. 41:30-இல், 'எங்கள் இறைவன் அல்லாஹ்' என்று சொல்லி அதில் நிலைத்து நின்றவர்கள்மீது மலக்குகள் இறங்கி, 'அல்லா தகாஃபூ வலா தஹ்ஸனூ' என்கிறார்கள். அதே இரண்டு வினைகள், பெண்பால் ஒருமை பன்மையாகியிருக்கிறது, அவ்வளவே. இது மரண வேளையில் நடப்பது என்கிறார்கள் முற்கால விரிவுரையாளர்கள் பலர். வாழும்போதும் உண்டு, மலக்குகள் கண்ணுக்குப் புலப்பட வேண்டியதில்லை என்கிறார்கள், மௌதூதி உட்படச் சிலர்.